கூட்டினால் எட்டு

பாலைவனத்துக்குப் போகிறேன் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எந்த வண்டியில் என்றுதான் கேட்டார்கள். அப்போதே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். வண்டி என்று வந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யார் ஓட்டப்போகிறார்கள் என்பது இரண்டாம் பட்சம்.

நான் கிராம சுகாதார செவிலியர். கடத்தூரில் வீடு. வேலை சித்தேரி மலைப் பக்கம். தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு பதினைந்து வருஷமாக ஒரு பழைய நூறு சிசி கியர் வண்டியில் மலைப்பாதை ஏறி இறங்குகிறேன். ஸ்கூட்டர் வாங்கிப் பார்த்தேன், ஒரே மழைக்காலத்தில் அதன் சின்னச் சக்கரங்கள் என்னைக் கைவிட்டன. கல், சேறு, ஓடைத் தண்ணீர் எல்லாவற்றிலும் வண்டி ஓட்ட எனக்கு வரும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பிறகு நடந்ததைப் படிக்கும்போது ஓட்டத் தெரியாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், அந்த மலைப்பாதையில் ஆறு பெண்கள் பெரிய பெரிய வண்டிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்தவர்கள். அதில் ஒரு வண்டி பள்ளத்தில் சரிந்து கிடந்தது. நான் என் வண்டியை ஓரமாக ஓட்டி அந்தப் பள்ளத்தைத் தாண்டி நிறுத்திவிட்டு, இறங்கி வந்து ஒரு கை கொடுத்தேன். அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்தவர் ஒரு பல் டாக்டர். ஓசூர் பக்கத்துத் தமிழ் பேசுகிறவர். நான் தாண்டிய தடத்தையும் என் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். போன் நம்பர் வாங்கிக்கொண்டார். இந்த வருஷம் அக்டோபரில் கூப்பிட்டார்.

"அக்கா, ஜனவரியில ராஜஸ்தான் போறோம். ஜெய்சல்மேர் தாண்டி ஆறு நாள் மணல்லயே ஓட்டறோம். நீங்களும் வாங்க. வண்டி மட்டும் உங்களோடதா இருக்கணும்."

அவர் ஒரே ஒரு விதி சொன்னார். மணலில் எல்லோரும் விழுவார்கள். ஒரு மேட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தால் இந்தப் பக்கம் இருக்கிறவளுக்குத் தெரியாது. அதனால் அவளவள் வண்டியை அவளவளே தூக்கி நிறுத்த வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மணலில் வண்டியைச் சாய்த்துப் போட்டுத் தனியாகத் தூக்கி, வீடியோ எடுத்து டிசம்பர் இருபதாம் தேதி சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டும். வீடியோ வந்தால்தான் பெங்களூரிலிருந்து போகும் லாரியில் அந்த வண்டிக்கு இடம்.

எனக்கு நாற்பத்தொரு வயது. ஐந்தடி ஒரு அங்குலம். கடல் பார்த்திருக்கிறேன், பாலைவனம் பார்த்ததில்லை. போக வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்றால், அன்றைக்கு ரிஜிஸ்டரில் ஒரு குழந்தையின் பிறந்த தேதியைத் தப்பாக எழுதிவிட்டேன். அப்படி ஒரு தப்பு அதுவரை நான் செய்ததில்லை.

என் நூறு சிசி மணலில் மூச்சுத் திணறிவிடும். புது வண்டி வாங்குவது நடக்கிற காரியமில்லை. பழைய வண்டிதான். அதில் ஆரம்பித்தது தலைவலி.

முதலில் அரூர் போனோம். நானும் வீட்டுக்காரரும். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் பழைய வண்டி விற்கிற ஒரு கடை. கடைக்காரர் எழுந்து வந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாங்க சார். என்னா மாதிரி பாக்கறீங்க?"

"வண்டி எனக்குங்க," என்றேன்.

"சரிங்க மேடம்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, மறுபடி அவரிடம் திரும்பி, "சார் உயரத்துக்கு இது கச்சிதமா இருக்கும்," என்று ஒரு பெரிய வண்டியைக் காட்டினார். நானூறு சிசி. பெரிய பெட்ரோல் டேங்க், முன்னால் கண்ணாடித் தடுப்பு, இரண்டு பக்கமும் பெட்டி மாட்டக் கம்பி. பார்வைக்கு என்னவோ ராஜா மாதிரிதான் இருந்தது. ஏறிப் பார்த்தேன். சீட் உயரம் கம்மி, என் இரண்டு பாதமும் தரையில் பதிந்தன. ஆனால் இருநூறு கிலோ.

"ரோட்டுல போனீங்கன்னா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க சார்," என்றார்.

"நான் போறது மணல்லங்க. அங்க திரும்பிப் பாக்க யாரும் இருக்க மாட்டாங்க."

அவர் சிரித்தார். அப்புறம் நான் இன்றுவரை மறக்காத ஒரு வார்த்தை சொன்னார். "மேடம் பின்னாடி ஒருக்கா உக்காந்து பாக்கட்டும் சார். சீட்டு சொகமா இருக்குதான்னு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். அவர் சங்கடமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். கடத்தூர்ச் சந்தையில் மஞ்சள் கொண்டுபோய்ப் போட்டால் வியாபாரியிடம் நாலு வார்த்தை கறாராகப் பேச வராது. அந்த மனிதரிடம் நான் எதிர்பார்த்தது என் தப்பு.

கடையின் பின்பக்கம் தகரக் கொட்டகைக்குக் கீழே இன்னொரு வரிசை இருந்தது. நல்ல வண்டிகளாகத்தான் தெரிந்தன. நான் அங்கே நகர்ந்ததும் கடைக்காரர் வேகமாக வந்து குறுக்கே நின்றார்.

"அந்த வரிசை வேண்டாங்க மேடம். அதெல்லாம் எட்டுங்க."

எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். நம்பர் பிளேட்டில் இருக்கிற நாலு இலக்கத்தையும் கூட்டி, அது எட்டு வந்தால் அந்த வண்டி ஆகாது. எட்டு என்றால் சனி. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்காதவன்கூட வண்டிக்குக் கூட்டுத்தொகை பார்ப்பான். புது வண்டிக்கு நம்பர் எட்டு விழுந்துவிட்டால் வாங்கின ஒரு வருஷத்துக்குள் விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்க ஆள் கிடைக்காமல் கடைகளில் இப்படித் தனி வரிசையே உண்டு. விலை குறைவாக இருக்கும். அதுவும் சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஏன் இவ்வளவு கம்மி, ஏதோ நடந்திருக்கிறது என்பார்கள்.

அன்று ஒன்றும் முடிவாகவில்லை. நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் அந்த நானூறு சிசியின் கம்பீரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் எங்கள் மெக்கானிக் ஒரு தகவல் சொன்னார். கடத்தூரில் என் நூறு சிசியை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருப்பவர் அவர்தான். பொம்மிடியில் ரயில்வேயில் வேலை செய்கிற ஒருவரிடம் இருநூறு சிசி வண்டி ஒன்று இருக்கிறது, கரடுமுரடான பாதைக்கென்றே செய்தது, அவர் மாற்றலாகிப் போகப்போவதால் விற்கிறார் என்றார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம்.

வண்டி ஒல்லியாக, உயரமாக நின்றது. பெரிய முன்சக்கரம், பட்டன் பட்டனாக டயர், மேலே தூக்கின மட்கார்டு. தேவையில்லாத எதுவும் அதில் இல்லை. மெக்கானிக் முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஃபோர்க்கில் ஆயில் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். செயினைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். இன்ஜினை ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "எடுத்துக்கங்கக்கா. ஏர் ஃபில்டரும் கிளட்ச் பிளேட்டும் மாத்திட்டா மணல்ல எங்க வேணா போலாம்," என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். கால் விரல் நுனிதான் தரையைத் தொட்டது. அது ஒரு குறை. நின்றால் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்க வேண்டும். ஆனால் ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் காலி நிலத்தில் அதைப் படுக்கப் போட்டேன். ஹேண்டிலை ஒரு பக்கம் மடக்கி, முதுகை சீட்டில் கொடுத்து, காலால் தரையை உந்திப் பின்னாலேயே இரண்டு அடி வைத்தேன். வண்டி எழுந்து நின்றது. இன்னொரு தடவை போட்டேன். மறுபடி எழுந்தது. மூன்றாவது தடவை சிரித்துக்கொண்டே தூக்கினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"அக்கா வண்டிய எடுத்தாச்சுன்னுதான் எனக்குத் தோணுது," என்றார் வண்டிக்காரர். என்னைவிட நாலைந்து வயது இளையவர். கழுத்தில் சிலுவை போட்ட செயின். "ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேங்க. நம்பரு கூட்டினா எட்டு. அதனாலதான் எவனும் எடுக்க மாட்டேங்கறான். எனக்கு ஒண்ணும் ஆவலைங்க. ஃபாதர் வந்து மந்திரிச்ச வண்டி, எட்டு என்னா பண்ணும்?"

கூட்டினேன். பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு.

"எனக்கு அதெல்லாம் கெடையாதுங்க," என்றேன். என் வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது. வீட்டுக்காரரின் அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுகிறவர், போனில் வண்டியின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். வண்டியைப் பார்க்கவில்லை, நம்பரைப் பார்த்தார். ஒரு காலத்தில் அவர் வைத்திருந்த டிராக்டருக்கு எட்டாம் நம்பர். அதில் பட்டபாட்டை ஆரம்பித்தார். டிராக்டரின் கியர் பாக்ஸ் போனது எட்டால். கிணற்றில் தண்ணீர் வற்றியது எட்டால். அவருக்குச் சர்க்கரை வந்தது எட்டால். தினம் சாயங்காலம் மூன்று டம்ளர் டீ, ஒவ்வொன்றிலும் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் குடித்தது கணக்கிலேயே வரவில்லை.

"நீ படிச்ச புள்ள. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல," என்று ஆரம்பிப்பார். அப்புறம் ஒரு மணி நேரம் சொல்வார்.

என் மாமியார் அவ்வளவு பேசவில்லை. "உன் ஆசைய நான் கெடுக்கல. ஆனா அந்த வண்டி நம்ம வூட்டு வாசல்ல நிக்க வேண்டாம். அவ்ளோதான்," என்றார்.

அவரிடம் கோபப்பட முடிந்ததே தவிர வாதாட முடியவில்லை. அத்தை சொல்கிறபோது சண்டைக்கு நிற்கிற மாதிரி சொல்ல மாட்டார். மழை வரும் போலிருக்கிறது, துணியை எடு என்கிற மாதிரி சொல்வார்.

பத்து நாள் வீட்டில் இதே பேச்சு. சாப்பிடும்போது, மாடு கறக்கும்போது, டிவியில் நாடகம் ஓடும்போது. எனக்கு மண்டை காய்ந்தது. ஒரு பொம்பளை இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் மணலில் தனியாக வண்டி ஓட்டப்போகிறாள், அவளுக்குப் பிரேக் பிடிக்குமா, அவளால் வண்டியைத் தூக்க முடியுமா என்று கேட்க ஆளில்லை. ஒன்றையும் ஏழையும் கூட்டுவதற்கு மட்டும் வீடு முழுக்க ஆள். வேலைக்குப் போகிற ஊர்களில் இந்தக் கிழமையில் ஊசி போடாதே, அந்த நாளில் குழந்தையை வெளியே எடுக்காதே என்கிறவர்களிடம் நான் கத்தாத நாள் கிடையாது. என் வீட்டிலேயே இப்படி இருக்கிறது என்று ரொம்பக் கேவலமாக இருந்தது.

கடைசியில் நான் ஜெயித்தேன். வண்டி வீட்டு வாசலில் நிற்காது, எங்கள் துணை சுகாதார நிலையத்தின் ஷெட்டில் நிற்கும் என்றேன். வீட்டுக்காரர், "உன் இஷ்டம்," என்றார். மாமா இரண்டு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதுவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அட்வான்ஸ் கொடுக்கத் தனியாகத்தான் பொம்மிடிக்குப் போனேன். யாரும் கூட வர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். வண்டிக்காரர் வீட்டுக்கு முன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். நான் வருகிறேன் என்று கழுவித் துடைத்து வைத்திருந்தார். கடைசியாக ஒரு துணியை எடுத்து நம்பர் பிளேட்டையும் துடைத்தார். அதில் காய்ந்திருந்த சேறு போய் எண்கள் பளிச்சென்று தெரிந்தன.

அதைப் பார்த்தேன். என் மனம் தானாகக் கூட்டியது. போன தடவை கூட்டியது மாதிரி இல்லை. மெதுவாக, ஒவ்வோர் இலக்கமாகக் கூட்டியது. திரும்பவும் கூட்டியது. மணலில் நான் விழுந்து கிடப்பது தெரிந்தது. கால் வண்டிக்கு அடியில். ஊருக்குச் செய்தி வருகிறது. மாமா, "அப்பவே சொன்னேன்," என்கிறார். அவர்கள் அப்படிச் சொல்வார்களே என்றுதான் பயந்தேன் என்று எனக்கு நானே கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. நான் எட்டுக்குப் பயந்தேன். ஊரெல்லாம் போய்க் கத்துகிற நான், கைப்பையில் பணத்தை வைத்துக்கொண்டு, ஒரு எண்ணுக்குப் பயந்து நின்றேன். என் கை பையைத் திறக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேங்க," என்றேன்.

அவர் முகம் மாறியது. "ஏங்கக்கா, வண்டியில ஏதாச்சும் கொறையா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

"சரிங்க. அக்கா சொல்ற வரைக்கும் வேற யாருக்கும் குடுக்கல," என்றார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. யார் மேல் என்று தெரியாத எரிச்சல். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மாமாவும் அன்றைக்கென்று வந்து உட்கார்ந்திருந்தார்.

"வித்துட்டாராம்," என்றேன். "காலையிலதான் யாரோ வந்து எடுத்துட்டுப் போனாங்களாம்."

மாமா போய் அரைக் கிலோ மிக்சரும் ஜிலேபியும் வாங்கி வந்தார். நான் கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து எல்லோரும் என்னிடம் அன்பாக நடந்துகொண்டார்கள். "நீங்கல்லாம் பத்து நாள் இழுத்ததாலதான் போச்சு," என்றும் சொன்னேன். அதையும் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் குற்ற உணர்ச்சியிலோ என்னவோ, அடுத்த வாரமே அவர் அந்த நானூறு சிசியை வாங்கிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். கூட்டுத்தொகை ஐந்து. புதன், பயணத்துக்கு நல்லது என்றார்கள். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஹேண்டிலுக்கு மாலை போட்டார்கள். நான் அதில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்தேன். வண்டியின் மேல் பழி போடக் கூடாது. தார் ரோட்டில் வெண்ணெய் மாதிரி ஓடியது.

மணலுக்கு எங்கே போவது? எங்கள் ஜில்லாவில் ஆறு இருக்கிறது, மணல்தான் இல்லை. லாரிகள் அள்ளிக்கொண்டு போனது போக இருமத்தூர்ப் பக்கம் தென்பெண்ணையில் ஒரு திட்டு மிச்சம் இருந்தது. அங்கே போனோம். முதல் நூறு அடியிலேயே முன்சக்கரம் புதைந்து வண்டி சரிந்தது. மணலில் முன்சக்கரம் அலைந்தால் ஆக்சிலேட்டரைக் குறைக்கக் கூடாது, இன்னும் கொஞ்சம் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரியும். கொடுத்தேன். எடை என்னை முந்திக்கொண்டது.

விழுந்தது பெரிய விஷயமில்லை. இறங்கி, முதுகைக் கொடுத்து, காலை ஊன்றி உந்தினேன். வண்டி ஒரு சாண் எழுந்தது. என் கால்கள் மணலில் புதைந்தன. வண்டி திரும்பப் படுத்தது. மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவை இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் ஓடி வந்தார்.

"தொடாதீங்க!" என்று கத்தினேன். ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அடுத்தடுத்து மூன்று ஞாயிறு. இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு போனேன். பக்கவாட்டுப் பெட்டி மாட்டுகிற கம்பியைக் கழற்றிவிட்டுப் போனேன். டேங்கில் பெட்ரோலைக் குறைத்துக்கொண்டு போனேன். போனில் வெள்ளைக்காரிகள் தூக்குகிற வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனேன். கெட்டித் தரையில் ஒருமுறை தூக்கிவிட்டேன். மணலில் ஒருமுறைகூட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் வண்டி படுத்துக்கொண்டே என்னைப் பார்க்க, நான் அதை எட்டி உதைத்தேன். அது தப்பு. அதற்கு என்ன தெரியும்?

கடைசி ஞாயிறு மாமாவும் வந்திருந்தார். கரையில் வேலமரத்து நிழலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார்.

"வீடியோதான கேக்கறாங்க? பின்னாடி டயர் படத்துல தெரியாத மாதிரி எடுப்போம். இவன் பின்னாடி குனிஞ்சு ஒரு கை குடுக்கட்டும். யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுதான் இப்போது யோசித்தால் அசிங்கமாக இருக்கிறது. நான் சரி என்றேன். மாமா போனைப் பிடித்தார். வீட்டுக்காரர் மணலில் மண்டியிட்டார். நான் முதுகைக் கொடுத்தேன். வண்டி அலுங்காமல் குலுங்காமல் எழுந்து நின்றது. வீடியோவில் நான் ஒருத்தியே தூக்கின மாதிரி அழகாக இருந்தது. மாமா மூன்று தடவை போட்டுப் பார்த்துக் கைதட்டினார்.

அனுப்பவில்லை. ஆறு நாள் அது என் போனில் கிடந்தது. தினமும் எடுத்துப் பார்ப்பேன். அனுப்பிவிட்டால் லாரியில் இடம் கிடைத்துவிடும். ஜெய்சல்மேர் போய்விடலாம். அங்கே முதல் நாளே விழுவேன். அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். அல்லது யாராவது ஒருத்தி தன் வழியை விட்டு எனக்காகத் திரும்பி வருவாள், ஒவ்வொரு தடவையும். இரண்டில் எதை நினைத்தாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

இருபதாம் தேதி சனிக்கிழமை. மத்தியானம் வேலையிலிருந்து வந்தேன். வாசலில் வெயில் படுகிற இடத்தில் மாமியார் முறத்தை வைத்துக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த நேரத்துக்கு அவர் வயலில்தான் இருக்க வேண்டும்.

"இங்க வா, உக்காரு," என்றார். அவர் என்னை இப்படிக் கூப்பிட்டதே இல்லை. உட்கார்ந்தேன்.

"நீ அந்த ஆத்துல படற பாட்டப் பாத்து எனக்கு மனசே கேக்கல. அம்மாகிட்ட சொன்னேன். அவ தூக்க முடியாத வண்டிய வூட்டுல வெச்சிக்கிட்டு என்னாடா பண்றது, எட்டோ பத்தோ, அவளுக்குத் தூக்க வர்றத வாங்கிக் குடுன்னு அம்மாவே சொன்னாங்க." மாமியார் நிமிரவில்லை. மொச்சையை உரித்துக்கொண்டே இருந்தார். "அதான், அந்தப் பொம்மிடிக்காரருக்குக் காலையில போன் பண்ணேன். வாங்கினவங்க யாரு, அவங்ககிட்டப் பேசித் திருப்பி வாங்க முடியுமான்னு கேக்கலாம்னு."

என் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"அவரு, நான் எங்க வித்தேன், யாரு வாங்கினாங்கன்னு என்னையே திருப்பிக் கேக்கறாரு. அக்கா யோசிச்சுச் சொல்றேன்னு போனாங்க, அவங்களுக்காக ஒரு மாசத்துக்கு மேல வெச்சிருந்தேன், ரெண்டு பேரு கேட்டும் குடுக்கலன்னாரு. மாத்தல் ஆர்டர் வந்துடுச்சாம். முந்தாநேத்துதான் திருப்பத்தூர்க்காரர் ஒருத்தருக்குக் குடுத்தாராம்." அவர் குரலில் கோபம் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார். "நீ போன அன்னிக்கு வண்டி அங்கதான் நின்னுச்சாமே?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். எனக்குச் சமாளிக்க வரும். விலையை ஏற்றிவிட்டார், இன்ஜினில் சத்தம் கேட்டது, சீட் உயரம் எனக்கு ஒத்துவரவில்லை. மூன்றும் நாக்கு நுனியில் வந்து நின்றன. இந்த ஒரு மாதமாக இந்த மனிதர்கள் மேல் எவ்வளவு கடுகடுத்திருக்கிறேன். "உங்களாலதான்" என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அவர் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்துகொண்டே போய் மணலில் மண்டியும் போட்டார்.

மாமியார் உரிப்பதை நிறுத்தினார். முறத்தை மடியிலிருந்து இறக்கிக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நீயும் கூட்டிப் பாத்தியா?" என்று கேட்டார்.

கேலி இருந்திருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். கேலி இல்லை. என்னைப் பற்றி அவர் அதுவரை வேறு மாதிரி நினைத்திருந்தார் என்பது மட்டும் தெரிந்தது.

"பாத்தேன் அத்தை," என்றேன்.